சால்வன்ட் அலர்ஜி: அந்த நிமிடத்தில் என்ன செய்வது, நாலாவது வாரக் காய்ச்சலை ஏன் விடக்கூடாது

இதைப் படிக்கும்போதே பக்கத்தில் ஒருவருக்கு உதடு வீங்கிக்கொண்டோ மூச்சு இழுத்துக்கொண்டோ இருந்தால் மற்றதை விட்டுவிடுங்கள். அவரை ஆவி இல்லாத, காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அட்ரினலின் ஊசிப் பேனா இருந்தால் தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில் போடுங்கள். பேன்ட்டுக்கு மேலேயே போடலாம். மீதியை அப்புறம் வந்து படித்துக்கொள்ளலாம்.

உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் பிரிவில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு நாலாவது வாரம் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, அம்மை மாதிரி. டாக்டரிடம் போனான், ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டார், இல்லை என்றான், வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஐந்து நாள் வீட்டில் இருந்ததில் புள்ளி மங்கியது, காய்ச்சல் இறங்கியது, சரியாகிவிட்டது என்று மறுபடி வந்து தொட்டிப் பக்கம் நின்றான். அன்று மாலைக்குள் முகம் ஊதி, இமையைத் திறக்க முடியவில்லை. மறுநாள் கழுத்தைத் துடைத்த துண்டில் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. கல்லீரல் பாதித்து, கண் மஞ்சளாகி, ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். தொட்டியில் இருந்தது ட்ரைகுளோரோஎத்திலீன் (சுருக்கமாக டிசிஇ), பிசுக்கைக் கரைத்து எடுக்கும் ஒரு சால்வன்ட், அதாவது கரைப்பான். அந்தப் பெயரை முதல் நாளே டாக்டரிடம் சொல்லியிருந்தால் அவன் இரண்டாவது முறை தொட்டிப் பக்கம் வந்திருக்கவே மாட்டான்.

கேனில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும், அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதும்தான் இந்த விஷயத்தில் பாதிக்கு மேல். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் வரும்.

எல்லாவற்றையும் "அலர்ஜி" என்று சொன்னால் குழப்பம்

தின்னர் தொட்டுத் தொட்டுக் கை வறண்டு வெடிப்பதை அலர்ஜி என்கிறோம், ஸ்ப்ரே அடித்த ராத்திரி இருமுவதை அலர்ஜி என்கிறோம், தலைசுற்றுவதையும் அதே பெயரில் சொல்கிறோம். உடம்புக்குள் நடப்பது ஒவ்வொன்றிலும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

கை வறண்டு, எரிந்து, விரல் மூட்டில் வெடிப்பது பெரும்பாலும் எரிச்சல்தான். அசிடோன், டொலுவீன், சைலீன், எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்), ஒயிட் ஸ்பிரிட் எல்லாம் தோலில் இருக்கும் இயற்கையான கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். பாத்திரத்துப் பிசுக்கை எடுப்பது போல உங்கள் தோலின் பிசுக்கையும் எடுக்கிறது, அவ்வளவுதான். இது யாருக்கும் வரும். ஆனால் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கொழுப்பு போன தோல் கதவு திறந்து கிடக்கும் வீடு மாதிரி, மற்ற அலர்ஜிப் பொருட்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

உண்மையான தோல் அலர்ஜி வேறு. இங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு பொருளை எதிரி என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. பட்ட உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம் என்று வரும், பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். வருடக்கணக்கில் அதே பொருளைத் தொட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் ஒரு நாள் ஆரம்பிக்கலாம், ஆகவே "பத்து வருஷமா தொடறேன், எனக்கா?" என்ற கேள்விக்கு மதிப்பில்லை. சுத்தமான அசிடோனோ டொலுவீனோ இப்படிச் செய்வது அபூர்வம். டர்பன்டைன், எபாக்சி ரெசின், அதன் ஹார்டனரில் இருக்கும் அமீன்கள், அக்ரிலேட் பசைகள், ஃபார்மால்டிஹைடு, தண்ணீர் சார்ந்த கழுவு திரவங்களில் கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் மெத்தில்ஐசோதயசோலினோன், இவைதான் வழக்கமான காரணங்கள். "இயற்கை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்" என்று விற்கும் டிகிரீசரையும் (பிசுக்கு எடுக்கும் திரவம்) இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் லிமோனீன் காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேரும்போது நல்ல அலர்ஜிப் பொருளாக மாறுகிறது. மூடி சரியாக மூடாமல் மாதக்கணக்கில் கிடக்கும் பாதிக் கேன் புதுக் கேனை விட மோசம் என்பது இதனால்தான்.

மூன்றாவது, மூச்சு. இரண்டு கேன் கலந்து அடிக்கும் பெயின்ட், பாலியுரித்தேன் ஃபோம், சில பசைகள் ஆகியவற்றில் ஐசோசயனேட் இருக்கும். தொழிலில் வரும் ஆஸ்துமாவுக்கு மிக முக்கியமான காரணங்களில் இது ஒன்று. பட்டுச் சில வாரத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். வேலை நேரத்தில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போய் ராத்திரி இருமலும் வீசிங்கும் வருவது இதில் சகஜம், அதனால்தான் யாரும் வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. லீவு நாட்களில் குறைகிறதா என்று பாருங்கள், அதுதான் முதல் துப்பு. ஒரு முறை உடம்பு அதை எதிரி என்று மனப்பாடம் செய்துகொண்டுவிட்டால், அடுத்த அறையில் யாரோ அடிப்பதிலிருந்து வரும் கொஞ்சமே போதும், கடுமையான இழுப்பு வந்துவிடும். தோலில் பட்டது கூட மூச்சு அலர்ஜிக்கு வழி திறக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு வெறுங்கையால் ஹார்டனர் கலக்கிறவர்கள் நிறையப் பேர்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. கேன் கவிழ்ந்தோ குழாய் உடைந்தோ ஒரே தடவையில் பெரிய அளவு ஆவியை இழுத்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும் இருமலும் இழுப்பும் மாதக்கணக்கில் நீடிப்பது. 1985-ல் புரூக்ஸ் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதை விவரித்தார்கள். அது அலர்ஜி இல்லை, மூச்சுக்குழாய் வெந்துபோன காயம். ஆனால் விடாமல் சிகிச்சை வேண்டும்.

நான்காவதுதான் அந்தத் தம்பிக்கு வந்தது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

தலைசுற்றல், போதை மாதிரி மயக்கம், தலைவலி, வாந்தி ஆகியவை ஆவி அதிகமாகி மூளையைத் தாக்குவதால் வருபவை. அலர்ஜி மாத்திரை போட்டுச் சமாளிக்கிற விஷயம் இல்லை, வெளியே வர வேண்டும். டிசிஇ அல்லது டைமெத்தில்ஃபார்மமைடு கையாண்டவர்கள் அன்று மது குடித்தால் முகமும் கழுத்தும் குப்பென்று சிவக்கும். அதுவும் அலர்ஜி இல்லை, ஆனால் உங்கள் உடம்புக்குள் அந்தச் சால்வன்ட் போயிருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

அந்த நிமிடம்

முதலில் உங்களைப் பாருங்கள். ஒருவர் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ விழுந்து கிடந்தால், வெளியிலிருந்து காற்று வரும் மூச்சுக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். பெரும்பாலான சால்வன்ட் ஆவி காற்றை விடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். காப்பாற்றப் போனவர் முதலாமவர் மேலேயே விழுந்து கிடப்பது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை.

வெளியே கொண்டுவந்த பிறகு நனைந்த துணியைக் கழற்றுங்கள், உள்ளாடை, பெல்ட், ஷூ உட்பட. வெட்கம் பார்க்கிற நேரம் இல்லை. சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு 15 நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமையைப் பிரித்துப் பிடித்து அதே 15 நிமிடம் ஓடும் தண்ணீர். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போனால் வயிற்றில் இருந்ததை விடப் பெரிய ஆபத்து.

இப்போது கவனிக்க வேண்டியது: உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வயிற்றைப் பிடித்து வாந்தி, வெளிறிப்போய்த் தள்ளாடுதல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சில நிமிடங்களில் வேகமாக ஏறினால் அது அனாஃபிலாக்சிஸ். தோல் தடிப்பு இல்லாமலும் வரலாம். உண்மையைச் சொன்னால் சால்வன்ட் மட்டும் இதைச் செய்வது மிகவும் அபூர்வம், கையில் போட்டிருந்த லேடெக்ஸ் கிளவுஸோ திரவத்தில் கலந்திருந்த வேறு ஏதோ ஒன்றோ காரணமாக இருக்கலாம். காரணத்தை ஆராய்வது அப்புறம். மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், தொண்டை அடைப்பைத் திறக்காது, ரத்த அழுத்தத்தை ஏற்றாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நான் பார்த்த தவறுகளில் அடிக்கடி நடப்பது. பெரியவர்களுக்கான ஊசிப் பேனாவில் வழக்கமாக 0.3 மில்லிகிராம் இருக்கும். 5 நிமிடத்தில் தேறுவதாகத் தெரியவில்லை என்றால் இரண்டாவது பேனாவைப் போடலாம்.

படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடவே சிரமம் என்றால் உட்கார்ந்த நிலையில், கால் நீட்டி. வாந்தி எடுத்தாலோ நினைவு தவறினாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கொஞ்சம் தேறியதும் "நடந்து வா, வண்டியில் ஏறு" என்று எழுப்பாதீர்கள். அழுத்தம் இறங்கிய உடம்பைத் திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இல்லாமல் அங்கேயே நின்றுவிடலாம். ஊசி போட்டுச் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருவது உண்டு.

இன்னொன்று, இதைச் சொல்லுகிற முதலுதவி வகுப்பு குறைவு. டிசிஇ போன்ற குளோரின் சேர்ந்த சால்வன்ட் ஆவியை நிறைய இழுத்தவரின் இதயம் அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும், துடிப்பு தாறுமாறாகலாம். ஆகவே ஆவியில் மயங்கி விழுந்தவருக்கு, தடிப்போ வீக்கமோ இழுப்போ எதுவும் இல்லாதபோது, அலர்ஜியாக இருக்குமோ என்று பேனாவைக் குத்தாதீர்கள். ஓட வைப்பதும் பதற வைப்பதும் கூட வேண்டாம், அவர் உடம்பிலேயே அட்ரினலின் ஊறும். அனாஃபிலாக்சிஸ் அடையாளம் தெளிவாக இருந்தால் தயங்காமல் ஊசி, ஆம்புலன்ஸில் வருபவரிடம் சால்வன்ட்டின் பெயர். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

காய்ச்சலாக வருவது

டிசிஇ வேலையில் புதிதாகச் சேர்ந்த சிலருக்கு 2 முதல் 5 வாரத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் கல்லீரல் அழற்சியும் சேர்ந்து வரும். சில மருந்துகளால் வரும் கடுமையான ஒவ்வாமையை அப்படியே ஒத்திருக்கும்: முகம் வீங்கும், கழுத்தில் நெறி கட்டும், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு ஏறும், சிலருக்கு வாய், கண், பிறப்புறுப்பு எல்லாம் புண்ணாகித் தோல் தீக்காயம் போல உரியும். உயிரே போகலாம். சீனா, தாய்லாந்து போன்ற நாடுகளில் மின்னணு, உலோகப் பாகத் தொழிற்சாலைகளில் நிறையப் பதிவாகியிருக்கிறது. எச்எல்ஏ-பி 13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மருந்துக்கு வரும் கடுமையான ஒவ்வாமையோடும் இதே வகைதான் தொடர்புடையது. ஆகவே டிசிஇ ஒவ்வாமை வந்தவர், டாக்டர் அந்த மருந்தை எழுதுமுன் அவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

இங்கே எவ்வளவு பட்டது என்ற கணக்கு அவ்வளவாக உதவாது. பக்கத்தில் பத்துப் பேர் அதே தொட்டியில் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பார்கள், பதினொன்றாவது ஆள் விழுவார். "அவங்களுக்கு எல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்பது டிசிஇக்குச் சாதகமான சாட்சி ஆகாது.

சால்வன்ட் வேலையில் முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு வந்தால் அன்றே வேலையை நிறுத்துங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் கிடக்கும் ஆன்டிபயாடிக்கைப் போடாதீர்கள். ஏற்கெனவே சிரமப்படும் கல்லீரலுக்குச் சுமை கூடும், அப்புறம் பழி அந்த மாத்திரை மேல் விழுந்து உண்மைக் காரணம் மறைந்துபோகும். தோல் லேசாகத் தேய்த்தாலே நழுவுகிறது, வாய்க்குள் புண், கண் சிவந்து கூசுகிறது, சிறுநீர் கறுக்கிறது என்றால் ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப்போடக்கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள், எதையும் பூசாதீர்கள், சுத்தமான துணியால் மூடிப் போங்கள். அங்கே வழக்கமாக ஸ்டீராய்டு கொடுத்து வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். குறைக்கும்போது நோய் திரும்ப எழும்புவதும் உண்டு, "நல்லாயிடுச்சு" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது

"கெமிக்கல் கம்பெனியில் வேலை" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படிச் சொல்லுங்கள்: "ட்ரைகுளோரோஎத்திலீன் தொட்டியில் பாகம் கழுவுகிறேன், சேர்ந்து 24 நாள் ஆகிறது, நேற்றிலிருந்து காய்ச்சல், புதிதாக எந்த மருந்தும் சாப்பிடவில்லை." இந்த ஒரு வாக்கியத்தில் அவருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. ரத்த அணு எண்ணிக்கை, ஈசினோஃபில், கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றை அவர் எழுதுவார். சிறுநீரில் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் (டிசிஇ உடம்புக்குள் மாறி வெளியேறும் பொருள்) பார்க்க வசதி இருந்தால் சீக்கிரமே மாதிரி கொடுத்துவிடுங்கள், வேலையை விட்டு நின்ற பிறகு நாள் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும்.

பெயர் எங்கே கிடைக்கும்? இன்றைக்கே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, நீங்கள் தொடும் ஒவ்வொரு கேனின் லேபிளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வியாபாரப் பெயர் உதவாது, அது மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் சிஏஎஸ் (CAS) எண் மாறாது. 79-01-6 என்று எங்கே இருந்தாலும் அது டிசிஇதான், மேலே என்ன அழகான பெயர் ஒட்டியிருந்தாலும் சரி. சின்ன டப்பாவில் ஊற்றி, பெயர் எழுதாமல் பெஞ்சில் வைத்திருக்கிறார்களே, அதில் இருப்பது என்ன என்று கேட்டு, மார்க்கரால் நீங்களே எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் எஸ்டிஎஸ், அதாவது அந்தப் பொருளின் பாதுகாப்பு விவரத் தாள். பெரும்பாலான நாடுகளில் இதைத் தொழிலாளிக்குக் காட்ட வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 16 பகுதி இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் ஆபத்து, மூன்றாவதில் என்னென்ன கலந்திருக்கிறது, நான்காவதில் முதலுதவி, எட்டாவதில் எந்தக் கிளவுஸ் எந்த மாஸ்க், பதினொன்றாவதில் உடம்புக்கு என்ன செய்யும் என்பது. இரண்டாவது பகுதியில் எச் 317 (H317) என்ற ஆபத்துக் குறியீடு இருந்தால் தோல் அலர்ஜி வரலாம், எச் 334 என்றால் மூச்சு வழி அலர்ஜியோ ஆஸ்துமாவோ வரலாம். எச் 315 வெறும் எரிச்சல். எச் 334 இருக்கும் கேனில் மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற சின்னம் இருக்கும், அதைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். தாளில் ஒன்றும் இல்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்று ஆகாது, மிகக் குறைந்த அளவில் கலந்திருப்பதை எழுதாமல் விடலாம். டாக்டர் சந்தேகப்பட்டால் தயாரித்தவரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்.

எது காரணம் என்று கண்டுபிடிப்பது

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எந்த வேலை, எந்தக் கேன், எத்தனை மணிக்கு என்ன ஆனது, லீவு நாளில் எப்படி இருந்தது. மூச்சுப் பிரச்சினை என்றால் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாயில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது, ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். வேலை நாள், லீவு நாள் இரண்டும் சேர்த்து நாலு வாரம். அந்த எண்களை வரைபடமாகப் போட்டால் வேலை நாளில் பள்ளமும் லீவில் மேடும் தெரிவதைப் பார்த்து யாரும் வாதாட முடியாது. ஆனால் கடுமையான இழுப்பு ஒரு முறை வந்துவிட்டவர் கணக்கு எடுக்கிறேன் என்று மறுபடி அதே இடத்தில் நிற்கக்கூடாது.

தோலில் எங்கே ஆரம்பித்தது என்பதும் பேசும். இமை மட்டும் வீங்கினால் ஆவியோ, கையிலிருந்து கண்ணுக்குப் போனதோ. மணிக்கட்டில் கோடு போட்டது போல நின்றால் கிளவுஸே குற்றவாளி, ரப்பரில் சேர்க்கும் தயுரம் போன்ற பொருட்கள் பலருக்கு ஆகாது. எங்களிடம் ஒருவருக்கு வலது தொடையில் மட்டும், உள்ளங்கை அளவுக்கு, சதுரமாகத் தடிப்பு. மாதக்கணக்கில் படர்தாமரைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். டர்பன்டைனில் நனைத்த துணியை அந்தப் பக்கப் பேன்ட் பையில் செருகிக்கொள்வது அவர் வழக்கம்.

உறுதி செய்வது பேட்ச் டெஸ்ட். 1895-ல் ஜோசஃப் யாடாஸோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் கொண்டுவந்தது, இன்றும் அதேதான் வழி. முதுகில் சின்னச் சின்னப் பொட்டாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, இன்னும் ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தொழிற்சாலைக் கேனிலிருந்து கொஞ்சம் எடுத்து நீங்களே கையில் தடவிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது, காயம்தான் ஆகும்.

கை, மாஸ்க், தொட்டி

ஷிப்ட் முடிந்து பெயின்ட் அப்பிய கையைத் தின்னரில் முக்கி, காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, வெள்ளையாக ஆனதும் சந்தோஷப்படுவதைத் தினமும் பார்க்கிறோம். அந்த வெள்ளைதான் கொழுப்பு போன தோல். இதை ஒன்றை நிறுத்தினாலே பாதிப் பேருடைய கை தேறிவிடும் என்பது என் அனுபவம். பெயின்ட்டுக்குத் தாவர எண்ணெய் கொஞ்சம் தேய்த்து ஊற விட்டால் இளகும், அப்புறம் சாதாரண சோப்பு, துடைத்த பிறகு வாசனை இல்லாத களிம்பு. வேலைக்கு முன்னால் பூசும் பாதுகாப்பு கிரீம் கிளவுஸுக்கு மாற்று இல்லை.

கிளவுஸ் என்றால் எல்லாமே தடுக்கும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். பெட்டியில் வரும் மெல்லிய நைட்ரைல் கிளவுஸை டைகுளோரோமீத்தேன் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். வெளியே கிழிசல் எதுவும் தெரியாது, விரல் நுனி சுள்ளென்று எரியும்போதுதான் தெரியும், எரிந்தாலும் கிளவுஸ் அதைத் தோலோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். தடித்த நைட்ரைல் ஹெக்சேன், ஒயிட் ஸ்பிரிட் வகைக்கு நல்லது. அசிடோன், எம்இகே என்றால் பியூட்டைல் ரப்பர். டொலுவீன், சைலீன், டிசிஇக்கு விட்டான் (ஒரு வகை ரப்பர்) அல்லது பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கிளவுஸ், ஆனால் பிவிஏ தண்ணீரில் கரைந்துபோகும், விட்டான் அசிடோனுக்குத் தாங்காது. பல அடுக்கு லேமினேட் கிளவுஸ் பெரும்பாலானவற்றைத் தாங்கும், கையில் சரியாக உட்காராது என்பதால் உள்ளே அதைப் போட்டு மேலே இன்னொன்று போடுவார்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் சால்வன்ட்டுக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்து, அந்த நேரத்துக்குள் மாற்றுங்கள்.

தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் ஆவிக்கான கேட்ரிட்ஜ் (மாஸ்க்கில் மாட்டும் வடிகட்டி) வேண்டும், அதில் திறந்த தேதியை எழுதுங்கள், வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள், ஆணியில் மாட்டினால் ராத்திரி முழுவதும் ஆவியைக் குடித்துக் காலையில் தீர்ந்திருக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். ஐசோசயனேட் ஸ்ப்ரேக்கு வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் சரி. கேட்ரிட்ஜ் தீர்ந்ததை மூக்கு சொல்லும் என்று நம்ப முடியாது, ஆபத்தான அளவிலும் ஐசோசயனேட் மணக்காது. மற்ற சால்வன்ட்டிலும் மூக்கு சீக்கிரம் பழகி வாசனை தெரியாமல் போகும். உடம்புக்குப் பழகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வது இந்த மூக்கை வைத்துத்தான். எதிர்ப்புச் சக்தி நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும்.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெக்கையாக இருக்கிறது என்று தொட்டிப் பக்கம் மின்விசிறியைத் திருப்பாதீர்கள், அடங்கிக் கிடக்கும் ஆவியை அள்ளி எல்லார் மூக்கிலும் போடும். கூடையை நிமிடத்துக்கு 3 மீட்டருக்கு மேல் வேகமாகத் தூக்காதீர்கள், சொட்டு நின்ற பிறகு வெளியே எடுங்கள், வேலை இல்லாத நேரத்தில் மூடியைப் போடுங்கள். டிசிஇயை மாற்ற முடியும் என்றால் மாற்றிவிடுங்கள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைக்கப்பட்ட பொருள், அலர்ஜியே வராவிட்டாலும் அதற்கு விடை கொடுக்கக் காரணம் இருக்கிறது.

திரும்ப வேலைக்கு

எரிச்சல் மட்டும் என்றால் தோல் ஆறி, கிளவுஸ் சரியாகி, அதே வேலைக்குத் திரும்பலாம். வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தேற வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட வேண்டாம். டிசிஇ ஒவ்வாமையோ ஐசோசயனேட் ஆஸ்துமாவோ வந்தவர் அந்தப் பொருளுக்குத் திரும்பக்கூடாது. அதே கூடத்தின் அடுத்த மூலைக்கு மாற்றுவது மாற்றம் இல்லை, காற்று ஒன்றுதான். மேலாளர் தயங்கினால் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்: பொருளின் பெயர், சிஏஎஸ் எண், "மறுபடி படக்கூடாது" என்ற வரி. நடந்ததை நிறுவனத்தின் விபத்துப் பதிவிலும் எழுதச் செய்யுங்கள், நகல் வாங்கி வையுங்கள். அந்தத் தாளை மடித்து பர்ஸில் வைத்திருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உதவும்.

சூப்பர்வைசராக இருப்பவர் செய்யக்கூடிய சுலபமான வேலை ஒன்று. புது ஆள் சேரும் நாளையும் புது டிகிரீசர் வந்து இறங்கும் நாளையும் சுவர்க் காலண்டரில் வட்டம் போடுங்கள், அதிலிருந்து எட்டாவது வாரத்தில் இன்னொரு வட்டம். நடுவில் யார் காய்ச்சல் என்று லீவு கேட்டாலும், உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். ஆமாம் என்றால் லேபிள் படத்தை அவருக்கு அனுப்பி, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், அவர் என்ன சொன்னார் என்று தெரியும் வரை அந்த ஆளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்.